பாட்டன் பிறந்த இடம்

1910 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. வாக்களிக்க வருபவர் அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பகுதியை வாசித்தும் எழுதியும் காட்ட வேண்டும். 1866 ஜனவரி 1 ஆம் திகதியிலோ அதற்கு முன்னரோ வாக்குரிமை பெற்றிருந்த ஒருவரின் வழித்தோன்றலுக்கு மட்டும் இந்தப் பரீட்சை கிடையாது. திருத்தத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அதில் கறுப்பர் என்றோ வெள்ளையர் என்றோ ஒரு சொல் அகப்படாது. ஆனால் நிறத்தைப் பார்த்து வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பு சொன்னது 1870 இல்தான். 1866 இல் வாக்குரிமை பெற்றிருந்த பாட்டன், ஏறத்தாழ எப்போதும் வெள்ளைக்காரப் பாட்டன். 38 ஆண்டுகள் கழித்து, 1948 இல், இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 15 க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இதிலும் தமிழர், சிங்களவர், இந்தியர் என்ற பெயர்கள் இல்லை. தோட்டம் என்ற சொல்லும் இல்லை. இருந்தும் அந்தச் சட்டம் யாரைத் தேடிப் புறப்பட்டது என்பதை அதை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள், எதிர்த்தவர்களும் அறிந்திருந்தார்கள். வன்னியில் காணி வழக்குப் பேசிப் பிழைக்கும் ஒரு சட்டத்தரணிக்கு இந்த இரண்டு பாட்டன்மார்களும் சரித்திரப் புத்தகத்துக்குள் இருப்பவர்கள் அல்லர். அவர்கள் இன்றைக்கும் நம் வழக்குக் கோவைகளுக்குள் இருக்கிறார்கள்.

பெயர் சொல்லாமல் ஒரு மக்களை விலக்கும் சட்டத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும்? அமெரிக்க உயர் நீதிமன்றம் இதற்கு ஒரே மாதிரிப் பதில் சொல்லவில்லை. மிசிசிப்பி மாநிலம் 1890 இல் வாக்கு வரியும் வாசிப்புப் பரீட்சையும் கொண்டுவந்தது. வில்லியம்ஸ் எதிர் மிசிசிப்பி வழக்கில், 1898 இல், வாசகம் இனங்களுக்கிடையே பாகுபாடு காட்டவில்லை, ஆகவே குற்றம் இல்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. 1915 இல் ஒக்லஹோமாத் திருத்தம் குவின் வழக்கில் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அப்போதைய பிரதம நீதியரசர் எட்வேர்ட் வைட், இளமையில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர். அவரே எழுதிய ஏகமனதான தீர்ப்பு, 1866 என்ற ஆண்டை ஏன் தெரிவு செய்தீர்கள், நிறத்தைத் தவிர வேறு காரணம் உண்டா என்று கேட்டது. காரணம் காட்ட முடியாததால் திருத்தம் விழுந்தது. நம் நாட்டில் கொடக்கன் பிள்ளை எதிர் முதனாயக்க வழக்கு, 1953 இல், லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் தகுதிக்குறைவு ஏற்படுத்தும் சட்டத்தை இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு தடுத்திருந்தது. கோமறைக் கழகமோ, தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை, பிறப்பும் வதிவும் எழுத்தறிவும் சொத்தும் அதற்குத் தகுந்த அளவுகோல்களே என்றது. 1898 இல் வொஷிங்டனில் வென்ற தர்க்கம், அங்கேயே ஓரளவு கைவிடப்பட்ட பிறகு, லண்டன் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது.

அந்த வழக்கில் கோமறைக் கழகத்தின் தீர்ப்பை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் தொடக்கம். ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் கொடக்கன் பிள்ளையின் பெயரைச் சேர்க்கப் பதிவு அலுவலர் மறுத்தார். முறையீட்டை விசாரித்த திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம், குடியுரிமைச் சட்டமும் அதையொட்டிய தேர்தல் திருத்தச் சட்டமும் 29 ஆம் பிரிவை மீறுகின்றன, ஆகவே செல்லாதவை என்று சொல்லிப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். இடாப்பைத் திருத்துவதற்கென நியமிக்கப்பட்ட ஓர் அலுவலர் நாடாளுமன்றத்தின் இரண்டு சட்டங்களைச் செல்லாது என்று சொன்னது சாதாரணக் காரியம் அல்ல. கொழும்பில் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளையை நீக்கியது. லண்டன் அந்த நீக்கத்தை உறுதிப்படுத்தியது. சிவஞானசுந்தரம் தோற்றார்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் சரியான இடத்தில் வைத்தார்: சட்டம் யாருடைய பெயரைச் சொல்கிறது என்பதல்ல, யார் மேல் விழுகிறது என்பது. நான் இதை இன்னும் கொஞ்சம் தொழில் மொழியில் சொல்வேன். ஒரு சட்டம் பாகுபாடானதா என்று அறிய, அது எந்தக் கடதாசியைக் கேட்கிறது, அந்தக் கடதாசி யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897 இல். 1948 இல் முதியவராக இருந்த எவரிடமும் தந்தையின் பிறப்பு அத்தாட்சி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. குருநாகல் விவசாயியிடமும் இல்லை, பருத்தித்துறை விவசாயியிடமும் இல்லை. ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது தோட்டத் தொழிலாளியிடம் மட்டும்.

விளைவு எண்ணிக்கையில் தெரியும். 1947 தேர்தலில் தோட்டத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ்காரர்கள் நாடாளுமன்றம் போனார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து போனார். 1952 தேர்தலில் அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. மறுபடியும் ஒருவர் வாக்குகளால் தெரிவாகி உள்ளே போக 1977 வரை செல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் கதை இதுவே: வட கரோலைனாவின் ஜோர்ஜ் ஹென்றி வைட் 1901 இல் அமெரிக்கக் காங்கிரஸை விட்டு வெளியேறிய பிறகு, 1928 இல் சிக்காகோவின் ஒஸ்கார் டி பிரீஸ்ட் தெரிவாகும் வரை அந்தச் சபையில் கறுப்பர் எவரும் இல்லை. நம் நாட்டில் வாசல் முற்றாக அடைக்கப்படவில்லை, 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறந்ததே என்பார்கள். கோமறைக் கழகமும் அதையே சொன்னது. அந்த வழியில் போனவர்களை எண்ணிப் பாருங்கள்: எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் கொடுக்கப்பட்டது, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1946 க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். லயன் அறையில் பிறந்து லயன் அறையில் வாழ்ந்தவருக்கு வதிவை நிரூபிக்கும் பதிவேடு தோட்டத் துரையின் அலுமாரிக்குள் இருந்தது. ஒக்லஹோமாவும் 1915 தீர்ப்புக்குப் பிறகு இப்படி ஒரு வழி திறந்தது: முன்பு பதியாதவர்கள் 1916 இல் 12 நாட்களுக்குள் பதிய வேண்டும், தவறினால் ஆயுள் முழுக்க வாக்கு இல்லை. அதைத் தள்ளிவிட அமெரிக்க நீதிமன்றத்துக்கு 1939 வரை பிடித்தது.

இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் ஓர் ஆட்சேபம் வரும், அது நியாயமானதும்கூட. ஆபிரிக்கர்களைச் சங்கிலியில் பிணைத்து விற்றார்கள். நம்மவர் கூலிக்குத் தாமே வந்தார்கள். இரண்டையும் ஒரு தட்டில் வைக்கலாமா? வைக்க முடியாது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் உடைமையாக இருப்பதற்கும் கடனாளியாக இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த வழக்கறிஞரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நான் ஒப்பிடுவது அடிமைமுறையை அல்ல, அது ஒழிந்த பிறகு சட்டம் செய்த வேலையை. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்த அதே 1830களில்தான் இலங்கையில் கோப்பித் தோட்டம் பெருகியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டின் ஓரமாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவரைப் பிடித்து வைத்தது துண்டு. தொழிலாளியின் கடனை யார் கட்டுகிறாரோ அவருக்கு ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் ஆளோடு தோட்டம் தோட்டமாகப் போனது. சொல்லாமல் வேலையை விட்டால் 1865 இன் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். அலபாமாவில் அலொன்சோ பெய்லி என்ற கறுப்பர் 15 டொலர் முற்பணம் வாங்கி ஒரு மாதமும் சில நாட்களும் வேலை செய்து நின்றுவிட்டார். முற்பணம் வாங்கி வேலையை விட்டதே மோசடிக்கு அத்தாட்சி என்று அந்த மாநிலச் சட்டம் சொன்னது. 1911 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை அடிமைமுறைத் தடையை மீறிய சட்டம் என்று நீக்கியது. இங்கே துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. இரண்டு சட்டங்களிலும் இனத்தின் பெயர் இல்லை. கடனின் பெயர் மட்டும் இருந்தது.

இனி வன்னி. 1958, 1977, 1981, 1983 வன்செயல்களாலும், எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினியாலும் மலையகத்தை விட்டு வடக்கு நோக்கி வந்தவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளின் விளிம்பில் குடியேறினார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு அவர்களில் பலருக்குக் கிணறும் விதையும் பாலர் பாடசாலையும் கொடுத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மணலாற்றின் கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டன. அதே நிலத்தில் சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 30 இல் விடுதலைப் புலிகள் அந்தக் குடியேறிகளைப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றார்கள். அந்தக் கொலையைத் தவிர்த்துவிட்டு வெளியேற்றத்தை மட்டும் பேசுபவரோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியேற்றத்தைத் தவிர்த்துவிட்டுக் கொலையை மட்டும் பேசுபவரோடும் இல்லை. சட்டத்தின் கண்ணால் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே நிலத்தில் ஒரு கூட்டம் கடதாசி இல்லாததால் அத்துமீறியவர்கள் ஆனது. பின்னால் வந்த கூட்டம் அரசின் கையால் இருத்தப்பட்டது. 1988 இல் மணலாறு வெலிஓயா என்று வர்த்தமானியில் ஏறிய பின் அந்த வேறுபாடு வரைபடத்திலேயே பதிந்துவிட்டது.

விடுதலையான அடிமைகளுக்கும் முதலில் வேண்டியிருந்தது நிலமே. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷேர்மன், தென் கரோலைனா, ஜோர்ஜியா, புளோரிடாக் கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்துக் கொடுக்கக் கட்டளையிட்டார். சுமார் 40,000 பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது முழு உறுதி அல்ல, ஆட்சிப் பத்திரம் மட்டும். அதே ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி அண்ட்ரூ ஜோன்சன் பழைய தோட்ட முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். விதைத்து வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அதே நிலத்தில் கூலிகளாகவும் வாரக்குடிகளாகவும் ஆனார்கள். குடியுரிமை தந்த 14 ஆவது திருத்தம் 1868 இல் வந்தபோது நிலம் கையை விட்டுப் போயிருந்தது. நம்முடைய மலையகத்தவருக்கும் குடியுரிமை 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு ஏறக்குறைய முடிந்த விடயம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவரும் அவர் வழி வந்தவரும் இலங்கையரே என்று அது சொல்லிவிட்டது. காணி முடியவில்லை.

அரச காணியிலிருந்து ஒருவரை எழுப்ப வேண்டுமென்றால் பயன்படுவது 1979 இன் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப் பெறல்) சட்டம். முதலில் வெளியேறும்படி அறிவித்தல் வரும். குறித்த நாளுக்குள் போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். குடியிருப்பவர் கூண்டில் ஏறியதும் அவர் சொல்லக்கூடியது என்ன என்பதை 9 ஆம் பிரிவு அளந்து வைத்திருக்கிறது. சட்டப்படி வழங்கப்பட்ட செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து மூல அதிகாரமோ இருக்கிறது என்று காட்டலாம். அது தவிர வேறெதையும் எதிர்த்துப் பேச முடியாது. நாற்பது ஆண்டு குடியிருப்பு, கட்டிய வீடு, வெட்டிய கிணறு, வைத்த தென்னை, மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம், எதுவும் அந்த விசாரணையில் பதில் ஆகாது. நீதவான் நல்லவராக இருப்பதும் கெட்டவராக இருப்பதும் இங்கே பொருட்டில்லை. சட்டம் அவர் கையை ஒரே ஒரு கடதாசிக்குக் கட்டி வைத்திருக்கிறது. கட்சிக்காரர்கள் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவரும் கட்டில் எல்லாம் இருக்கும்: குடும்ப அட்டை, நிவாரண அட்டை, முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, கிராம அலுவலரின் கடிதம். கேட்கப்படும் ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று ஏன் இல்லை? 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியை இலங்கையருக்குப் பகிர்ந்தது. இலங்கையர் என்பதற்கு இலங்கைப் பூர்வீகம் வேண்டும் என்ற வரைவிலக்கணம் அதில் இருந்ததால் இந்திய வம்சாவளியினர் தொடக்கத்திலேயே வெளியே நின்றார்கள். அது 1948 க்கு முந்திய கதை. குடியுரிமைச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயற்காணி பங்கிடப்பட்ட காலத்தில் இந்த மக்கள் வன்னியில் இல்லை. வந்தபோது எஞ்சியிருந்தது தண்ணீர் ஏறாத மேட்டுநிலம். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களின் பெயர்களைச் சொன்னாலே உள்ளூரில் எல்லாருக்கும் விளங்கும். நாடற்றவராக இருந்த காலத்தில் காணிக் கச்சேரிக்கு விண்ணப்பிக்க முடியாது. குடியுரிமை கிடைத்த காலத்தில் போர் நடந்தது. சிலர் கையில் இருந்த அனுமதிப்பத்திரமும் 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் போனது. போருக்குப் பின் 2013/01 இலக்கக் காணி ஆணையாளர் நாயகச் சுற்றறிக்கையின் கீழ் உரிமைக் கோரிக்கைகள் வாங்கப்பட்டன. தொலைந்த பத்திரத்துக்குப் பிரதி எடுக்க அது உதவும். ஒருபோதும் கிடைக்காத பத்திரத்துக்குப் பிரதி ஏது?

அரச காணி எல்லாருக்கும் பொதுவானது, அத்துமீறியவருக்குப் பரிசு கொடுத்தால் நாளைக்குக் காடே மிஞ்சாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். காட்டைப் பற்றிய கவலை பொய்யில்லை. ஆனால் அத்துமீறல்களை முறைப்படுத்தும் சுற்றறிக்கைகளை அரசு பல காலமாகவே வெளியிட்டு வருகிறது. பிடித்த நிலத்துக்குப் பத்திரம் கொடுப்பது நம் காணி நிர்வாகத்துக்குப் புதிது அல்ல. யாருக்கு எப்போது கொடுத்தது என்பதே கேள்வி. தனியார் காணியில் குடியிருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். பத்து ஆண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டால் உரிமை கோரலாம் என்பது 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். 1983 மே 1 இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தில் போரால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக அந்தக் காலம் ஓடாது என்று 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் திருத்தியது. இடம்பெயர்ந்தவரின் காணியை இன்னொருவர் விழுங்குவதைத் தடுக்கும் நல்ல சட்டம் அது. நான் அதை எதிர்க்கவில்லை. எனினும் அது வன்னியில் விழும் விதத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறுதிக்காரரும் போரால் பாதிக்கப்பட்டவர், அவர் காணியில் குடியிருக்கும் மலையகக் குடும்பமும் போரால் பாதிக்கப்பட்டதே. சட்டம் உறுதிக்காரரின் இடப்பெயர்வை எண்ணுகிறது, உழுதவரின் இடப்பெயர்வை எண்ணவில்லை. ஜோன்சன் மன்னித்த முதலாளிகளோடு நம் உறுதிக்காரர்களை ஒப்பிட மாட்டேன். ஆனால் பழைய உறுதிக்கும் புதிய வியர்வைக்கும் நடுவே சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் இரண்டு நாடுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில் நம்மவரிடமிருந்தே இன்னொரு ஆட்சேபம் எழும், மிகவும் உரத்து: நிலம் முழுவதையும் இராணுவமும் வன இலாகாவும் தொல்பொருள் திணைக்களமும் பிடித்து வைத்திருக்கும்போது தமிழருக்குள் வந்தவர், இருந்தவர் என்று பிரித்துப் பேசலாமா? கேப்பாப்புலவில் மக்கள் 2017 இல் தெருவில் குந்தியிருந்து தங்கள் காணியைக் கேட்டதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பிரித்தது இன்றைக்குப் பேசுபவர் அல்லர். 1948 ஓகஸ்டில் குடியுரிமை மசோதாவை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு அவ்வாண்டு இறுதியில் வதிவாளர் மசோதாவை ஆதரித்தார். செல்வநாயகம் உடன்படாமல் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வட, கிழக்குத் தமிழரின் அரசியல் இரண்டாகப் பிளந்த கேள்வியே மலையகத்தவரின் குடியுரிமைதான். அப்படி வரலாறு இருக்க, அவர்கள் வன்னிக்கு வந்து அரை நூற்றாண்டாகியும் தோட்டக்காட்டான் என்ற சொல் நம் வாயிலிருந்து போகவில்லை. வெள்ளையரின் பாகுபாட்டுக்கு எதிராக மட்டுமல்ல, தங்களுக்குள் இருந்த நிறப் படிநிலைக்கும் வர்க்கத்துக்கும் எதிராகவும் கறுப்பினச் சிந்தனையாளர்கள் எழுதினார்கள். அதனால் அவர்கள் இயக்கம் உடைந்துவிடவில்லை. அமெரிக்கக் கறுப்பரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ள விரும்பும் ஈழத்தமிழன் அந்தப் பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசியாக, நீதிமன்றம் எந்த மக்களுக்கு விடுதலை தந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் இறங்கியதால் வந்தது, சட்டமன்றம் கொடுத்தது, வழக்கு வேடிக்கை பார்த்தது என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. 1965 இன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1967 இல் அது ஏறத்தாழ அறுபது. எந்தத் தீர்ப்பும் செய்யாத வேலையை ஒரு சட்டம் இரண்டு ஆண்டில் செய்தது. நம் 2003 சட்டமும் நாடாளுமன்றத்தில் வந்ததே. அதற்குப் பின்னால் 1986 தோட்டத் தொழிலாளர் போராட்டம் போன்ற பல இருந்தன. இருந்தாலும் சட்டத்தரணிகள் வேறொரு வேலை செய்தார்கள். சார்ல்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன் 1930களில் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு தென் கரோலைனாப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், கறுப்புப் பிள்ளைகள் படித்த பலகைக் கொட்டிலையும் வெள்ளைப் பிள்ளைகளின் செங்கல் கட்டடத்தையும் படம் எடுத்தார். அதே மாநிலத்தின் கிளாரண்டன் மாவட்டத்தில் 1940களின் முடிவில் வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டொலரும் கறுப்புப் பிள்ளைக்கு 43 டொலரும் செலவானது என்ற கணக்கு வழக்கில் பேசப்பட்டது. அந்த வழக்கும் சேர்ந்தே, பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்ற பிரவுண் தீர்ப்பாக 1954 இல் ஆனது. ஹூஸ்டன் 1950 இலேயே இறந்துவிட்டார். பிரித்தாலும் சமம் என்று நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், சமம் இல்லை என்பதற்கு அவர் பேச்சைத் தேடவில்லை, தொகையைத் தேடினார்.

நமக்கு அந்தப் பாதையில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. 1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் கையெழுத்திட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது 16 ஆம் உறுப்புரை. சிவஞானசுந்தரம் செய்ததை இன்று எந்த நீதிபதியும் செய்ய முடியாது; 1935 சட்டத்தையோ 1979 சட்டத்தையோ வீழ்த்தக் கோரி வழக்கு வைக்க வழியில்லை. மிச்சம் இருப்பது அதிகாரிகளின் செயல். பத்திரம் வழங்குவதும் மறுப்பதும் நிர்வாகச் செயல். அதில் இனம், சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு செய்தால் 12 ஆம் உறுப்புரை கைகொடுக்கும். ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது சாந்தபுரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே போனாலும், உள்நோக்கம் எங்கே என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் 1976 க்குப் பிறகு அப்படித்தான் கேட்கிறார்கள். விளைவை மட்டும் காட்டினால் போதாது என்று வொஷிங்டன் எதிர் டேவிஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆகவே அமெரிக்கச் சட்டம் நமக்கு ஆதர்சம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1957 இல் அலபாமாவின் டஸ்கீகி நகர எல்லையைச் சதுரத்திலிருந்து 28 பக்க உருவமாக வெட்டி, அங்கிருந்த சுமார் 400 கறுப்பு வாக்காளரில் நான்கைந்து பேர் தவிர எல்லாரையும் வெளியே தள்ளியபோது, சட்டத்தின் வாசகம் உள்நோக்கத்தைச் சொல்லவில்லை. வரைபடமே போதும் என்று 1960 இல் அதே நீதிமன்றம் ஏற்றது. விளைவு போதிய அளவு கோரமாக இருந்தால் நோக்கத்தை அது தானே காட்டும்.

நமக்கு வேண்டிய வரைபடம் பிரதேச செயலகங்களின் காணிக் கிளைகளில் இருக்கிறது. அங்கே ஒரு சங்கடமும் உண்டு. கிளாரண்டன் கணக்கு கிடைத்ததற்குக் காரணம், அந்த அரசு நிறத்தைப் பிரித்தே செலவுப் புத்தகம் எழுதியது. வன்னியில் மலையகத்திலிருந்து வந்தவர்களில் பலர் குடிசன மதிப்பீட்டில் தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. பழிச்சொல்லிலிருந்து தப்பும் வழியும்கூட. ஆனால் அதன் விலை, அவர்களுக்கு எத்தனை பத்திரம் கிடைத்தது என்று எண்ண முடியாமல் போனது. ஆகவே ஆளை எண்ண வேண்டாம், ஊரை எண்ணலாம் என்பது என் யோசனை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடதாசி போதும். கேட்க வேண்டியது: கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றிலும் 2009 க்குப் பின் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது, எத்தனை மறுக்கப்பட்டது, மறுப்புக்கு என்ன காரணம் எழுதப்பட்டது, 1979 சட்டத்தின் கீழ் எத்தனை அறிவித்தல் அனுப்பப்பட்டது. வாய்க்காலோரப் பிரிவுகளை ஒரு நிரலிலும் மேட்டுநிலப் பிரிவுகளை மறு நிரலிலும் எழுதிப் பார்க்க வேண்டும். வேற்றுமை இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் நான் சொன்னதில் பாதியை மீளப் பெறுவேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும் பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.